வீடு கட்டுபவரும் கட்டுவிப்பவரும்: சட்டம் யாரிடம் எதைக் கேட்கிறது?

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் சில காலத்துக்கு முன்னர் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த பணத்தோடு நகையையும் அடகு வைத்துக் கட்டிய வீடு அவருடையது. இரண்டு மாரி கழிவதற்குள் யன்னல் மூலையிலிருந்து நிலம்வரை சுவர் வெடித்திருந்தது. அறைக் கதவு சாத்த முடியாமல் இறுகியிருந்தது. கட்டிய மேசன் யார் என்று கேட்டேன். "முழுப்பேர் தெரியாது தம்பி. எல்லாரும் சின்னவன் எண்டுதான் கூப்பிடுறவை. இப்ப போனும் வேலை செய்யுதில்லை" என்றார்.

அவரிடம் ஒப்பந்தக் கடதாசி இல்லை. பணம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு இல்லை. பிரதேச சபை அனுமதித்த வரைபடத்தின் பிரதியும் இல்லை. இருந்ததெல்லாம் வீட்டுத்திட்ட விண்ணப்பத்தின் மங்கிய நிழற்படப் பிரதி ஒன்று மட்டுமே.

போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் எழுந்த வீடுகளில் பெரும்பகுதி இப்படித்தான் கட்டப்பட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் 45,000 வடக்கு கிழக்குக்கு ஒதுக்கப்பட்டன. 2012 இல் தொடங்கிய அந்தக் கட்டத்தில் பயனாளிக்கு 5,50,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. பெரும்பாலானோர் தாமே மேசனைப் பிடித்து, தாமே சீமெந்து வாங்கி, தாமே மேற்பார்வை செய்து கட்டினார்கள். பின்னர் வந்த அரச வீட்டுத்திட்டங்களிலும் நடைமுறை ஏறத்தாழ இதுவே. 2019 ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் மிகுதிப் பணம் வராமல் அரைகுறையாக நின்ற வீடுகளையும், அதனால் கடனாளியானவர்களையும் இன்றும் காணலாம்.

திட்ட ஆவணங்கள் இவர்களைப் 'பயனாளிகள்' என்றன. சட்டத்தின் பார்வையில் அவர்கள் கட்டுவிப்பவர்கள், அதாவது கட்டட உரிமையாளர்கள். அந்தப் பெயரோடு சில கடமைகளும் வருகின்றன, சில உரிமைகளும் வருகின்றன. கடமைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதனால் உரிமைகளையும் கேட்க முடியாமல் போயிற்று. புதிதாகக் கட்டத் தொடங்குபவர்களுக்கும், இருக்கும் வீட்டுக்கு அறையோ மதிலோ சேர்க்க நினைப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இங்கே தொகுக்கப்படுகின்றன.

எந்தச் சட்டங்கள்?

இலங்கையில் கட்டட அனுமதிக்கு அடிப்படையானவை இரண்டு சட்டங்கள். முதலாவது, 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நூறு வருடங்களைக் கடந்தும் நடைமுறையில் இருக்கும் இது மாநகர சபை, நகர சபை எல்லைகளிலும், பிரதேச சபைகளில் இச்சட்டம் ஏற்புடையதாக்கப்பட்ட பகுதிகளிலும் செல்லுபடியாகும். இரண்டாவது, 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். வர்த்தமானி மூலம் நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் இதன் கீழான திட்டமிடல் விதிகள் பொருந்தும். நீண்டகாலம் நடைமுறையில் இருந்த 1986 ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2021 இல் புதிய விதிகள் வர்த்தமானியில் வெளியாகின.

இரண்டு சட்டங்களின் கீழும் சாதாரண வீட்டுக்கான விண்ணப்பத்தை உங்கள் உள்ளூராட்சி சபையிலேயே கொடுக்கலாம். 'எங்கட இடம் கிராமம்தானே, பிளான் தேவையில்லை' என்று மேசன் சொல்வதை நம்பி அத்திவாரம் வெட்ட வேண்டாம். உங்கள் காணி எந்த விதிகளுக்குள் வருகிறது என்று சபையில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயமாகும். அதற்குள் கட்டுவதற்குத் தனியான அனுமதி வேண்டும்.

கட்டுவிப்பவரின் கடமைகள்

முதற்கடமை, கட்டத் தொடங்குவதற்கு முன்னரே எழுத்திலான அனுமதி பெறுவது. 1915 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட வரைபடத்துக்கும் விபரக்குறிப்புக்கும் அமையவன்றி எந்தக் கட்டடமும் எழுப்பப்படக் கூடாது என்கிறது. இருக்கும் கட்டடத்தை மாற்றுவதும் சேர்ப்பதும் 6 ஆம் பிரிவுக்குள் வரும். விறாந்தையை அடைத்து அறையாக்குவதும், முன்பக்கம் கடை இறக்குவதும் அனுமதி தேவைப்படும் வேலைகளாகலாம்.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்கப்படுபவை: காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நில அளவைப் படம், தகுதி பெற்றவர் வரைந்த கட்டட வரைபடம். வீதியிலிருந்து விடவேண்டிய தூரம், பின்பக்க வெளி, காற்றோட்டம், கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையிலான தூரம் ஆகியவற்றைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்னதை வெறும் சம்பிரதாயமாக எடுக்க வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் வெடிப்புகள் வழியாகக் குழியின் கழிவு நிலத்தடி நீரோடு எளிதில் கலந்துவிடும். அந்தத் தூரத்தைக் குறைத்தால் பாதிக்கப்படுவது உங்கள் கிணறு மட்டுமாக இராது.

இரண்டாவது கடமை, அனுமதித்த வரைபடத்தை விட்டு விலகாமல் கட்டுவது. இடையில் மாற்றம் வேண்டுமானால் திருத்திய வரைபடத்துக்கு மீண்டும் அனுமதி பெற வேண்டும். அனுமதிக்குக் காலவரையறை உண்டு. கட்டி முடிவதற்குள் அது முடிந்தால் நீடித்துக்கொள்ள வேண்டும். பணம் வரும்போது மட்டும் கட்டும் குடும்பங்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

மூன்றாவது கடமை, வேலை முடிந்ததும் சான்றிதழ் பெறுவது. அமைவுச் சான்றிதழ், இணக்கச் சான்றிதழ், குடிபுகு சான்றிதழ் என்று இதைப் பலவாறு சொல்வார்கள். சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி இந்தச் சான்றிதழ் கிடைக்கும்வரை காவலாளியைத் தவிர வேறு எவரும் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது. நடைமுறையில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த பின்னர் அதை மறந்துவிடுகிறோம். வங்கிக் கடன் கேட்கும்போதோ, விற்கும்போதோ, சபை கேள்வி எழுப்பும்போதோதான் அதன் தேவை தெரிகிறது.

உறுதி வேறொருவர் பெயரில் இருந்தால்

எங்கள் மக்களுக்கு முதற்தடை வரைபடம் அன்று, காணிக் கடதாசிதான். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருக்கும். காணி தாத்தாவின் பெயரில் இருக்கும். அல்லது காணாமலாக்கப்பட்ட கணவரின் பெயரில் இருக்கும்.

உறுதி தொலைந்திருந்தால், அது பதிவு செய்யப்பட்ட காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி பெற முயலலாம். அரச காணியாயின் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் பற்றிய பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கும். பங்காளிகள் பலர் இருக்கும் காணியில் ஒருவர் மட்டும் கட்டுவதானால், மற்றவர்களின் எழுத்திலான சம்மதம் பின்னாளைய வழக்கைத் தவிர்க்க உதவும்.

காணாமற்போனவரின் பெயரிலுள்ள காணி குறித்து 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. மரணச் சான்றிதழை ஏற்க விரும்பாத குடும்பத்தினர் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. அதை யாரும் திணிக்க முடியாது. ஆனால் காணியை ஈடுவைக்கவோ கைமாற்றவோ முன்னர் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பது அவசியம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்கும் கணவரின் எழுத்திலான சம்மதம் வேண்டும் என்பதால், கணவர் எங்கே என்று தெரியாத பெண்களுக்கு நீதிமன்றத்தை நாட வேண்டிய தேவை வருகிறது.

கட்டுபவரின் கடமைகள்

அனுமதியில்லாமல் வேலையைத் தொடங்குவதும், வரைபடத்திலிருந்து விலகுவதும் வீட்டுக்காரருக்கு மட்டுமான குற்றமன்று. 'எவரேனும் ஆள்' என்று சட்டம் சொல்லும்போது அதற்குள் கொந்தராத்துக்காரரும் வருகிறார். 'வீட்டுக்காரர் சொன்னார், நான் கட்டினேன்' என்பது அவருக்கு முழுமையான பாதுகாப்பாகாது. அனுமதித்த வரைபடத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வேலை தொடங்குவது மேசனுக்கும் நல்லது.

வேலையின் தரம் குறித்தும் சட்டம் பேசுகிறது. எங்கள் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, ஒரு வேலையைச் செய்து தருவதாக ஏற்பவர் அந்தத் தொழிலுக்குரிய திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும், வியாபாரமாகச் சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடு வழங்குவார் என்ற உத்தரவாதத்தை ஒப்பந்தத்துக்குள் தானாகவே சேர்க்கிறது. இதை யாரும் எழுதியிருக்கத் தேவையில்லை.

2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் ஒப்பந்தக்காரர்களின் பதிவையும் தரப்படுத்தலையும் ஒழுங்குபடுத்துகிறது. கிராமத்து மேசன் பெரும்பாலும் அதற்குள் வரமாட்டார். ஆனால் நிறுவனமாக வந்து 'நாங்கள் பதிவு செய்தவர்கள்' என்று சொல்பவரிடம் பதிவு இலக்கத்தையும் தரத்தையும் கேட்டு, நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையிடம் சரிபார்க்கலாம்.

மணலும் சட்டத்துக்கு உட்பட்டதே. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மணல் அகழவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும். மலிவாக இரவில் வந்திறங்கும் மணலுக்கு வழித்தட அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். கழுவாத கடல் மணலானால் அதன் உப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சில வருடங்களில் கம்பி வீங்கிக் கொங்கிறீற் பெயரும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தமே. சிக்கல், அதை நிரூபிப்பதில் இருக்கிறது. வீடு கட்டும் ஒப்பந்தத்துக்கு நொத்தாரிசு தேவையில்லை. கொப்பித் தாளில் தெளிவாக எழுதி, இருவரும் இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டாலே போதும். அதில் இவை இருக்க வேண்டும்:

- இருவரின் முழுப்பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம்.
- அனுமதித்த வரைபடத்தின் இலக்கம். அதன்படியே கட்டப்படும் என்ற வாசகம்.
- பொருட்களை யார் வாங்குவது, கூலி மட்டுமா அல்லது முழு ஒப்பந்தமா என்பது.
- கலவை அளவு, கம்பியின் தடிப்பு, வளை போடும் இடங்கள். (சாதாரண வீட்டு வேலைக்கு 1:2:4 கலவையும், கொங்கிறீற்றுக்குக் குறைந்தது ஏழு நாள் நீரூற்றலும் பொதுவான வழக்கம். உங்கள் வரைபடத்தில் உள்ளதையே எழுதுங்கள்.)
- தொடங்கும் திகதியும் முடிக்கும் திகதியும்.
- பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு: அத்திவாரம், யன்னல் மட்டம், வளை, கூரை, பூச்சு.
- வேலை முடிந்த பின்னர் சில மாதங்களுக்கு ஒரு பகுதிப் பணம் பிடித்து வைக்கப்படும், குறை தெரிந்தால் திருத்தித் தரப்படும் என்ற நிபந்தனை.
- வேலையாட்களுக்கு விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது.

முற்பணத்தைச் செய்யும் வேலையை விட முந்தவிட வேண்டாம். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ஒப்பம் வாங்குங்கள். வங்கி வழியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவுகளை அங்கீகரிப்பதால், வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டவையும் அனுப்பிய படங்களும் சான்றாகலாம். அழிக்காமல் வைத்திருங்கள். மூடப்படுவதற்கு முன்னர் அத்திவாரத்தையும் கம்பிக் கட்டையும் படமெடுத்து வையுங்கள்.

வேலைத்தளத்தில் விபத்து

சாரம் சரிந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களும், மின்சாரம் தாக்கி இறந்தவர்களும் எங்கள் ஊர்களில் உண்டு. பெரும்பாலும் கையில் கொஞ்சப் பணம் கொடுத்து விடயம் முடிக்கப்படுகிறது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், தொழிலின்போது நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் தொழில்தருநர் நட்டஈடு செலுத்த வேண்டும். நியமனக் கடிதம் இல்லை என்பதால் மட்டும் அந்த உரிமை இல்லாமற் போகாது. ஆட்களை வைத்து வேலை வாங்கும் கொந்தராத்துக்காரரே இங்கு முதலில் பொறுப்பாளி. வீட்டுக்காரரே நாட்கூலிக்கு ஆள் பிடித்து, பாதுகாப்பற்ற சாரத்தில் ஏற்றினால், கவனயீனத்துக்கான வழக்கு அவர் மேலும் வரலாம்.

வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட பையனைக் கல் தூக்க வைப்பது உதவி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மண்ணை வெட்டும்போது

போர் நடந்த நிலத்தில் அத்திவாரம் வெட்டுவது மற்ற இடங்களைப் போன்றதன்று. வெடிபொருளென்று சந்தேகப்படும் எதையும் தொடாமல், வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, பொலிஸுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டும். இரும்புக் கடைக்குக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

மனித எச்சம் தென்பட்டாலும் அப்படித்தான். 2018 இல் மன்னாரில் சதொச கட்டடத்துக்காக நிலம் தோண்டியபோதே எலும்புகள் வெளிவந்தன. 2023 இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க வெட்டியபோதும், 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலைக்காக வெட்டியபோதும் அவ்வாறே நடந்தது. மூன்று இடங்களிலும் முதலில் கண்டவர்கள் வேலையாட்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 21 ஆம் பிரிவின்படி, எப்படி இறந்தார் என்று தெரியாத உடல் காணப்பட்டதை அறிந்தவர் அதை நீதவானுக்கோ, பொலிஸுக்கோ, கிராம உத்தியோகத்தருக்கோ அறிவிக்கக் கடமைப்பட்டவர். மண்ணை அள்ளி வேறிடத்தில் கொட்டினால் சான்று அழிகிறது. வேலை சில மாதம் தாமதிக்கலாம். ஆனால் அந்த எலும்புக்காகக் காத்திருக்கும் குடும்பம் ஒன்று எங்கேயோ இருக்கிறது.

பிணக்கு வந்தால்

மேசன் பணத்தோடு போய்விட்டால் முதலில் பொலிஸ் நிலையத்துக்கே போகிறோம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்ததென்று காட்டினால் அது மோசடிக் குற்றமாகலாம். வேலையை முடிக்காமை மட்டுமானால் அது சிவில் பிணக்கு. குறித்த தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்குகள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைக்கே முதலில் போக வேண்டும். அங்கே தீரவில்லையென்றால் அதற்கான சான்றிதழைப் பெற்றுக்கொண்டு மாவட்ட நீதிமன்றம் செல்லலாம்.

காலவரையறையை நினைவில் வையுங்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலான ஒப்பந்தத்தின் மீதான வழக்கு 6 வருடங்களுக்குள்ளும், வாய்மொழி ஒப்பந்தத்தின் மீதானது 3 வருடங்களுக்குள்ளும், கவனயீனத்தால் வந்த சேதத்துக்கான நட்டஈட்டு வழக்கு 2 வருடங்களுக்குள்ளும் தொடுக்கப்பட வேண்டும். செய்த வேலைக்கான கூலியைக் கேட்கும் மேசனுக்கும் தொழிலாளிக்கும் ஒரு வருடம் மட்டுமே. ஒரு கொப்பித் தாள் உங்களுக்கு மேலும் மூன்று வருடங்களைத் தருகிறது.

சபையிலிருந்து வேலையை நிறுத்தும்படி அறிவித்தல் வந்தால் அதை ஒளித்து வைக்க வேண்டாம். வேலையை நிறுத்தி, அறிவித்தலில் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். திருத்திய வரைபடத்தால் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். கவனிக்காமல் விட்டால் விடயம் நீதவான் நீதிமன்றம் போகும். இடிப்பதற்கான கட்டளையைப் பிறப்பிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

முன்னர் கட்டிய வீட்டின் வரைபடமோ அனுமதியோ கையில் இல்லாதவர்கள், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சபையிடமும், வீட்டுத்திட்டத்தை நடத்திய அரச நிறுவனத்திடமும் பிரதி கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தரணிக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் பிராந்திய நிலையங்கள் உள்ளன.

அந்த அம்மாவின் வீட்டுக்கு வருவோம். மேசனைத் தேடிப் பிடிக்க இனி அவரால் முடியுமா என்பது சந்தேகமே. நான் புறப்படும்போது அவர் இன்னொன்றைச் சொன்னார். கலியாணம் முடித்த மகளுக்குப் பக்கத்துத் துண்டில் கொட்டில் போட்டிருக்கிறதாம், அடுத்த வருடம் கல்வீடாக்க நினைக்கிறார்களாம். "இந்த முறை என்ன கேக்கோணும் எண்டு எழுதித் தாங்கோ தம்பி" என்றார். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவருக்கு எழுதிக் கொடுத்த பட்டியலிலிருந்து வந்தது.